டிக்கெட் இல்லாத கொட்டகை

தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் முதன்முதலில் டிவி பார்த்த கதையைக் கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சியின் பெயருக்கு முன்னால் வீட்டின் பெயர்தான் வரும். வாத்தியார் வீடு, மிலிட்டரிக்காரர் வீடு, ரைஸ்மில்காரர் வீடு, சிங்கப்பூர்க்காரர் வீடு என்று ஊருக்கு ஊர் ஒரு வீடு. அன்றைக்கு என்ன ஓடியது என்பது பலருக்கு மறந்திருக்கும். எங்கே உட்கார்ந்தோம், யார் உள்ளே விட்டார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்பதெல்லாம் அப்படியே நினைவில் இருக்கும்.

தொலைக்காட்சி வந்த காலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகை. எந்த ஆண்டு எந்த நிலையம் தொடங்கியது என்று சொல்லும் நிறுவன வரலாறு ஒன்று. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்த்த இனிய நினைவுகள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள கேள்வியை யாரும் சரியாகத் தொடவில்லை. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலத்தில் அதன் முன்னால் உட்காரும் உரிமை யாருக்குக் கிடைத்தது, எதன் பேரில் கிடைத்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ‘அப்போதெல்லாம் ஊரே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம்’ என்று சொல்வது பாதி உண்மைதான்.

இதை அளக்க ஓர் அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவையும் அரசியலையும் பற்றி 1981-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையில் இருந்த காசு. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்ற ஏற்றத்தாழ்வு அங்கேயும் இருந்தது. ஆனால் தரை டிக்கெட் வாங்கியவனை எழுந்து போகச் சொல்ல யாராலும் முடியாது. காசு கொடுத்தவனுக்கு அந்த இரண்டரை மணி நேரம் சொந்தம்.

வானொலி இன்னும் எளிது. பஞ்சாயத்து அலுவலகத்தின் மேலே கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் செய்தி வந்தால் தெரு முழுக்கக் கேட்கும். ஒலிக்குச் சுவர் கிடையாது. மரத்தடியில் நிற்பவனுக்கும் வரப்பில் நடப்பவனுக்கும் அது ஒன்றேதான். தொலைக்காட்சி இந்த இரண்டு வசதிகளையும் ஒரே நேரத்தில் பறித்துக்கொண்டது. படத்தைப் பார்க்க வேண்டுமானால் பெட்டிக்கு எதிரே இருக்க வேண்டும். இருபது அங்குலத் திரை முப்பது நாற்பது பேருக்கு மேல் தாங்காது. பெட்டியோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. டிக்கெட்டும் இல்லை, திறந்த வெளியும் இல்லை. மிஞ்சியது வீட்டுக்காரரின் தயவு. கொட்டகையில் காசால் கிடைத்த இடம், டிவி வந்த பிறகு மறுபடியும் உறவாலும் சாதியாலும் தயவாலும் கிடைக்கும் இடமாகச் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போயிற்று. தொடக்ககாலத் தொலைக்காட்சி நினைவுகளைக் கேட்கக் கேட்க எனக்கு உறுதியாகும் முடிவு இதுதான்.

கூட்டமாகப் பார்ப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. ஜப்பானில் 1953-இல் நிப்பான் டிவி தொடங்கியபோது வீடுகளில் பெட்டி அபூர்வம். அதனால் அந்த நிறுவனமே ரயில் நிலைய வாசல்களிலும் சதுக்கங்களிலும் பெட்டிகளை உயரத்தில் வைத்தது. ரிக்கிடோசானின் மல்யுத்தத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றார்கள். விளம்பரதாரருக்குக் காட்டக் கூட்டம் தேவைப்பட்டது, கூட்டத்துக்குப் படம் தேவைப்பட்டது. பிரான்சில் வேறு வழி. கிராமத்தார் ஒன்றுகூடிப் பெட்டி வாங்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்து, பார்த்து முடித்ததும் அதைப் பற்றி விவாதித்தார்கள். இந்த ‘டெலி-கிளப்’புகளைச் சமூகவியலாளர் ஜோஃபர் துமாசதியே ஆராய்ந்து எழுதியதை 1956-இல் யுனெஸ்கோ வெளியிட்டது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியபோது அங்கும் யுனெஸ்கோ உதவியோடு டெலி-கிளப்புகள் அமைந்தன. 1967 ஜனவரி 26-இல் ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கியது, டெல்லியைச் சுற்றியிருந்த எண்பது கிராமங்களின் உழவர்களுக்காக.

தமிழர்கள் முதலில் பொதுவில் உட்கார்ந்து டிவி பார்த்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. 1963 பிப்ரவரி 15 அன்று அங்கே ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தவர் அன்றைய பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன. சமூக நிலையங்களில் அரசு பெட்டி வைத்தது. துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் அங்கே போய் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

சென்னைக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. 1972-இல் மும்பையும் அதற்குப் பின் ஸ்ரீநகர், அமிர்தசரஸ், கொல்கத்தா ஆகியவையும் முந்திக்கொண்டிருந்தன. மாலையில் சில மணி நேர நிகழ்ச்சிதான். ‘வயலும் வாழ்வும்’, செய்தி, நாடகம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’. அலை எட்டியது சென்னையும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டுமே. பெட்டி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அதற்கு மேல் ரேடியோவைப் போலவே தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே பெட்டிகள் தயாராயின. பலவற்றில் மரக்கதவு வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டு போடலாம். அந்தப் பூட்டின் சாவி வீட்டில் ஒருவர் இடுப்பில் இருக்கும்.

அதே ஆகஸ்டில், பதினான்கு நாள் முன்னதாக, இந்தியாவின் வேறு பகுதிகளில் பெரிய சோதனை ஒன்று ஆரம்பமாகியிருந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சியைக் கொண்டுபோன ‘சைட்’ திட்டம் அது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு. அவர் மறைந்த பிறகு நிறைவேறியது. கம்பிவலையால் செய்த பெரிய குடை ஆன்டெனா, பள்ளிக்கூட வாசலில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஊர். ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் என்ற அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. இந்த விடுபடல் இன்றைக்கு வேறொரு விதத்தில் நம்மைப் பாதிக்கிறது. சைட் கிராமங்களில் மானிடவியலாளர்கள் போய்த் தங்கினார்கள். யார் வந்தார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், முதல் வாரக் கூட்டம் எப்போது கரைந்தது என்றெல்லாம் உடனுக்குடன் எழுதினார்கள். பினோத் அகர்வால் போன்றவர்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து நூல்கள் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் அப்படி ஓர் ஆவணம் இருக்கிறது. தமிழகக் கிராமத்துக்கு இல்லை. நமக்கு இருப்பது நினைவு ஒன்றுதான். அதனால்தான் அதைக் கவனமாகக் கையாள வேண்டும் என்கிறேன்.

நினைவுகள் சொல்லும் வரைபடமும் நிறுவன வரலாற்றின் வரைபடமும் ஒன்றல்ல. தென்மாவட்டக் கடற்கரைக்காரர் பலருக்கு முதல் தொலைக்காட்சி சென்னையிலிருந்து வரவில்லை, இலங்கையிலிருந்து வந்தது. ஜப்பானின் நன்கொடையில் உருவான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. அதன் அஞ்சல் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதலாகலையில் நின்றது. உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து புறப்படும் அலைக்குக் கடல் தடையில்லை. தட்பவெப்பம் ஒத்துழைத்தால் கடல்மேல் காற்றடுக்குகளே அலையை வளைத்து இன்னும் தூரம் கொண்டுபோகும். இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி வரை படம் கிடைத்தது. சென்னை நிலையம் கறுப்பு வெள்ளையில் இருந்த அந்த மாதங்களில் ரூபவாஹினி வண்ணத்தில் வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டே வளர்ந்த ஊர்கள் அவை. வானொலியில் கேட்ட அதே இலங்கைத் தமிழ் இப்போது முகத்தோடு வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வளைகுடாவிலும் கொழும்பிலும் தொழில் செய்தவர்கள் பெட்டியோடு ஊர் திரும்பினார்கள். அரசு அனுப்பியபோது கிடைக்காத டிவி இப்படிக் கடல்வழி வந்து சேர்ந்தது.

கடற்கரை ஊர்களில் ஆன்டெனா ஒரு கலை. பத்து பதினைந்து அடி கம்பம் போதாது. இரண்டு குழாய்களை வெல்டிங் வைத்து நீட்டி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் பல குறுக்குக் குச்சிகள் உள்ள ஆன்டெனா, அதோடு பூஸ்டர். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். திருப்ப மூன்று பேர் வேண்டும். ஒருவன் மாடியில் கம்பத்தைப் பிடித்திருப்பான். ஒருவன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பான். உள்ளே ஒருவர் திரையைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்... தெரியுது... ஐயோ போச்சு, பழையபடி வை” என்பார். முற்றத்துக்காரன் அதை மாடிக்குக் கத்துவான். படம் தெளிவாகத் தெரியும் நேரத்தில் மாடியில் நிற்பவன் கையை எடுத்தால் புள்ளி விழும். அதனால் பாட்டு முடியும்வரை கம்பத்தைப் பிடித்தபடி நின்றவர்கள் உண்டு. படம் வர உழைத்தவன் படம் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வேலைக்குப் போட்டி இருந்தது. ஏனென்றால் ஆன்டெனா திருப்பத் தெரிந்த பையனை எந்த வீட்டிலும் உள்ளே விடுவார்கள். தயவு நிலவிய இடத்தில் ஒரு தொழில்நுணுக்கம் உரிமையாக மாறிய சிறு உதாரணம் இது. ரேடியோ மெக்கானிக் ஆகி, பிறகு கேபிள் ஆபரேட்டராக வளர்ந்த பலருடைய கதை அந்த மாடியில்தான் தொடங்குகிறது.

கூடத்துக்குள் நுழைவோம். ‘ஒலியும் ஒளியும்’ அரை மணி நேரம். சினிமாப் பாட்டுக் காட்சிகள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை என்பதால் வீடு கழுவி விளக்கேற்றியிருக்கும். வரும் பிள்ளைகள் கால் கழுவிவிட்டு வர வேண்டும். சோபாவில் வீட்டார், நாற்காலியில் சமமான அண்டை வீட்டார், ஜமுக்காளத்தில் சொந்தக்காரப் பிள்ளைகள், வெறுந்தரையில் தெருப்பிள்ளைகள், வாசற்படியில் வேலைக்காரப் பெண்ணும் அவள் குழந்தையும், ஜன்னலுக்கு வெளியே இன்னும் சிலர். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் யார் என்று எந்த நினைவுக் கட்டுரையும் பெயர் சொல்வதில்லை. பெரும்பாலான கிராமங்களில் அவர்கள் காலனியிலிருந்து வந்த பிள்ளைகள். கூடத்துக்குள் வரக்கூடாது என்று யாரும் அன்றன்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த எல்லை அது. ஒரே பாட்டை ஒரே நொடியில் கூடத்தில் இருந்தவரும் ஜன்னலில் நின்றவரும் பார்த்தார்கள் என்பது உண்மை. அதைச் சேர்ந்து பார்த்தது என்று சொல்லலாமா என்பதை ஜன்னலில் நின்றவர்தான் சொல்ல வேண்டும்.

பல வீடுகளில் பத்துப் பைசா, நாலணா வசூலித்தார்கள். இதைப் பேராசை என்று நினைவுகூர்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிறு மாலைத் தமிழ்ப் படத்துக்கு நாலணா கொடுத்து உட்கார்ந்த பிள்ளை, வீட்டுக்காரப் பையனோடு பம்பரச் சண்டை போட்ட அன்றும் தலைநிமிர்ந்து உள்ளே வந்தது. இலவசமாக விட்ட வீட்டில் அது முடியாது. அங்கே கடைக்கு ஓட வேண்டும், தண்ணீர் எடுத்துத் தர வேண்டும், விளையாட்டில் தோற்றுக் கொடுக்க வேண்டும். காசு வாங்கிய வீடு தன்னையறியாமல் கொட்டகையின் நியாயத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தது. வீடியோ டெக் பரவிய பிறகு இது வெளிப்படையாகவே தொழிலானது. டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். பாயை யார் முன்னால் விரிக்கிறாரோ அவருக்கு இடம். அரசியலும் டெக்கின் வலிமையை உடனே கண்டுகொண்டது. 1984 டிசம்பர்த் தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தார். அவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்று காட்டும் படம் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. அவர் நேரில் வராமலே அந்தத் தேர்தலில் வென்றார்.

பெண்களின் கதை தனியாக எழுத வேண்டியது. கொட்டகைக்குப் போக அனுமதியில்லாத பெண்களுக்கு டிவி வீடு ஒரு வாசலைத் திறந்தது. அடுத்த வீட்டுக் கூடம் என்பதால் மாமியார் தடுக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கும் வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் சமையலை முன்கூட்டியே முடித்த கணக்குகளை எத்தனையோ தாய்மார் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்ததே தவிர நேரம் கிடைக்கவில்லை. கணவர் வரும் சத்தம் கேட்டதும் பாதிப் பாட்டில் எழுந்து ஓடியவர்கள் அவர்கள். இளம் விதவைகளுக்கு அந்தக் கூடத்திலும் சுவரோரம்தான். பின்னாளில் கேபிள் வந்தபோது கிராமத்துப் பெண்களிடம் என்ன மாறியது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில் மனைவியை அடிப்பதை நியாயப்படுத்துவதும் ஆண்பிள்ளை வேண்டும் என்ற பிடிவாதமும் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளில், அடுத்தவர் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்த பெண்களிடம் என்ன மாறியது என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

1982-க்குப் பிறகு வேகம் கூடியது. அந்த ஆகஸ்ட் 15-இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ணமும் வந்தன, நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டு. 1983 ஜூன் 25-இல் லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். அந்த ஆட்டத்தில் மிக அதிக ரன் எடுத்தவர் நம் சென்னையின் ஸ்ரீகாந்த், 38. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்சாட்-1பி மேலே போனது. 1984-இல் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சில மாதங்கள் நாடெங்கும் சிறு கோபுரங்கள் எழுந்தன. ஆனால் இந்தச் சிறு கோபுரங்கள் தொடக்கத்தில் செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சியைத்தான் வாங்கித் தந்தன. சென்னையில் தயாரான தமிழ் நிகழ்ச்சி சென்னைக்கு அப்பால் போகாத நிலையில், உள்ளூர்க் கோபுரம் வந்த மகிழ்ச்சியோடு பெட்டி வாங்கியவர்கள் இந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1965 மொழிப் போராட்டத்தைக் கண்ட மாநிலத்தில் இது சின்ன விஷயமில்லை. இரவு தேசிய நிகழ்ச்சி தொடங்கும் நேரம், கூடத்திலிருந்து கூட்டம் கலையும் நேரமாக இருந்தது. தூர்தர்ஷன் டெல்லியை மையமாக வைத்தே எல்லாவற்றையும் பார்க்கிறது என்று பி.சி. ஜோஷி தலைமையிலான அரசுக் குழுவே அப்போது குறை சொல்லியிருக்கிறது.

ஆனாலும் மொழி தெரியாமல் ஊர் உட்கார்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 1984 நவம்பர் 3-இல் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை நேரடியாகக் காட்டினார்கள். ஜன்னலில் நின்றவர்களை அன்று உள்ளே வரச் சொன்ன வீடுகள் பல. 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அப்படியே. சாவு வீட்டுக்கு யாரும் அனுமதி கேட்டு வருவதில்லை. டிவி இருந்த கூடம் அந்த இரண்டு நாட்களும் சாவு வீடாகவே இருந்தது. 1987 ஜனவரியில் தொடங்கிய ‘ராமாயண்’ தொடரையும் அடுத்து வந்த ‘மகாபாரத்’தையும் ஞாயிறு காலைகளில் ஒரு சொல் இந்தி புரியாத பாட்டிகள் பார்த்தார்கள். கதை தெரிந்திருந்தது, பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே விளக்கிச் சொன்னார்கள். வட இந்தியாவில் அந்தத் தொடர் அரசியலை எப்படித் திருப்பியது என்று அர்விந்த் ராஜகோபால் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்க் கூடங்களில் அதே தொடர் என்ன செய்தது என்பதற்கு அதற்கு ஈடான ஆய்வு வேண்டும்.

வீட்டின் தயவுக்கு மாற்றாக அரசு வைத்த விடை பஞ்சாயத்து டிவி. வானொலிக்கு இருந்த மரபைத் தொடர்ந்து 1980-களிலும் 90-களிலும் ஊர்தோறும் டிவி ரூம் கட்டினார்கள். பத்தடிக்குப் பத்தடி கான்கிரீட் அறை, மைதானத்தைப் பார்த்த பெரிய சன்னல், உள்ளே இரும்புப் பெட்டிக்குள் டிவி, பெட்டிக்குப் பூட்டு. மாலையில் திறந்து இரவு சாத்துவது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரின் கூடுதல் வேலை. திறந்த வெளியில் மண்தரையில் யாரும் உட்காரலாம். எண்ணத்தில் இது மிகச் சரியான திட்டம். நடப்பில் அந்த அறையை எங்கே கட்டுவது என்பதிலேயே பாதி முடிவாகிவிட்டது. ஊருக்குள் கோயில் முன்னால் கட்டினால் காலனிக்காரர் வர மாட்டார், வந்தாலும் ஓரத்தில் நிற்பார். காலனியில் கட்டினால் ஊர்க்காரர் போக மாட்டார். அதனால் பல பஞ்சாயத்துகளில் இரண்டு அறைகள் எழுந்தன. பொதுப்பெட்டியும் இரண்டாகப் பிரிந்தது. ஆனாலும் நான் இந்த அறைகளைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். காலனி டிவி ரூமில் உட்கார்ந்தவர் முதல் தடவையாக யாருடைய முகத்தையும் பார்க்காமல் டிவி பார்த்தார். கெட்டுப்போனால் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் “எங்க டிவி ஓடல” என்று புகார் செய்ய முடிந்தது. ஜன்னலில் நின்ற காலத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வழியே கிடையாது. இந்த அறைகள் எத்தனை ஊரில் எங்கே கட்டப்பட்டன, எத்தனை ஆண்டு ஓடின என்று கணக்கெடுத்தால், சாதியும் பொதுச்சொத்தும் தமிழகக் கிராமத்தில் எப்படி உறவாடின என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதே கதை போரோடு கலந்து வருகிறது. தென்தமிழகம் ரூபவாஹினியைப் பார்த்தது போல யாழ்ப்பாணம் தூர்தர்ஷனைப் பார்த்தது. அலைகள் கடலை இரு திசையிலும் கடந்தன. 1990-க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரம் அற்றுப்போனபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். டிவிக்கு ஜெனரேட்டர் வேண்டும், எண்ணெய்க்குக் காசு வேண்டும். அதனால் ஒழுங்கையில் உள்ளவர்கள் காசு சேர்த்து, டெக்கும் பெட்டியும் ஜெனரேட்டரும் பிடித்து, இரவிரவாகப் படம் போட்டார்கள். அங்கே கூட்டமாகப் பார்த்ததற்குக் காரணம் பெட்டி குறைவு என்பது மட்டுமில்லை, எரிபொருள் குறைவு. புலம்பெயர்ந்த எழுத்தாளர்களின் நினைவுகளில் இந்த இரவுகள் அடிக்கடி வருகின்றன. நம் பக்கத்து நினைவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை அவை.

முடிவு விரைவாக வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. கேபிள் தெருத்தெருவாக நுழைந்தது, ஆன்டெனாக்கள் கொடிக்கம்பங்களாயின. கறுப்பு வெள்ளைப் பெட்டி தவணையில் கிடைத்தது. 2006 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தது. அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்களும் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. வாக்குக்கான விலை என்றார்கள், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டிய பணம் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விமர்சித்தவர்களில் பெரும்பாலோர் பெட்டி இருந்த கூடத்தில் வளர்ந்தவர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற பெண் தன் மகளைத் தன் வீட்டுத் தரையில் உட்காரவைத்து டிவி போட்ட அன்று எதைப் பெற்றாள் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது ஆண்டு பழைய அவமானம் ஒன்று அந்தப் பதினான்கு அங்குலப் பெட்டியால் தீர்ந்தது.

இன்று எல்லோரும் தனித்தனியாகக் கைப்பேசியில் பார்க்கிறோம், அன்று கூடிப் பார்த்தோம் என்று வருந்துவது எளிது. கூடிப் பார்த்ததில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும் சிரிப்பைத் தனியாகப் பார்ப்பவர் அறிய மாட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஓரளவு வசதியானவர்கள், பெட்டிக்கு அருகில் உட்கார்ந்தவர்கள். வாசற்படியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பார்த்தவர்கள் இன்னும் எழுதவில்லை, அவர்களை யாரும் போய்க் கேட்கவுமில்லை.

கேட்பதற்கு நேரம் குறைவாக இருக்கிறது. 1975-இல் இருபது வயதானவர்கள் எழுபதைத் தொட்டுவிட்டார்கள். நிலையங்களில் பழைய டேப்பின் மேலேயே புதியதைப் பதிவு செய்வது உலகெங்கும் அன்றைய வழக்கம் என்பதால், அந்த நிகழ்ச்சிகள் பலவற்றை இனிப் பார்க்க முடியாது. பார்த்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். கல்லூரி இதழியல், சமூகவியல் துறைகள் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஆய்வேடு கொடுக்கின்றன. ஓர் ஆண்டு, ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் மூன்று பேரைப் பதிவு செய்யட்டும்: பெட்டி வைத்திருந்த வீட்டார் ஒருவர், ஆன்டெனா திருப்பியவர் ஒருவர், வெளியே நின்று பார்த்தவர் ஒருவர். ஊரில் பழைய டிவி ரூம் இன்னும் நின்றால் அது எந்தத் தெருவில் நிற்கிறது என்று குறித்துப் படம் எடுக்கட்டும். இதை வாசிக்கும் நீங்கள் அந்தக் காலத்தைக் கண்டவரானால் மாணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த வீடு, எங்கே உட்கார்ந்தீர்கள், உங்களை யார் உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்று இந்த வாரமே எழுதி வையுங்கள்.